போய்ச் சேர்ந்தவர் எடுத்த போன்

போன வாரம் தர்ஷி எனக்குப் போன் எடுத்தாள். வரி உதவி லைனில் என் கடைசி வருடங்களில் பக்கத்துக் கதிரையில் இருந்து வேலை செய்த பிள்ளை. நான் ஓய்வு பெற்று யூனியன்வில்லில் மகளோடு இருக்கிறேன். அவளோ இப்போது, மனிதருக்குப் பதிலாகப் போன் எடுக்கப்போகும் மெஷினுக்குப் பேசப் பழக்கும் பகுதிக்கு மாறியிருக்கிறாள்.

"அன்ரி, மெஷின் இனித் தமிழும் கதைக்கும். பட், எக்ஸாம்பிள்ஸ் காணாது. ஆக்கள் ஒண்டைச் சொல்ல இன்னொண்டா விளங்கிற மாதிரி வசனங்கள் வேணும். உங்களுக்குக் கனக்கத் தெரியும்தானே, எழுதித் தாங்கோவன்."

"கனக்க இல்லைப் பிள்ளை. ஒரு வசனம் தாறன். அந்த ஒண்டுக்கே ஒட்டாவாப் பாராளுமன்றம் வரைக்கும் போய் வந்தனாங்கள்."

"ஓகே, ஷோர்ட்டா டெக்ஸ்ட் பண்ணுங்கோ."

ஷோர்ட்டாகச் சொல்லிப் பார்த்தேன். வெறும் பகிடியாக வந்தது. அது பகிடிதான், ஆனால் பகிடி மட்டுமில்லை. அதே கிழமை பாராளுமன்றத் தொலைக்காட்சியில் மறுபடியும் ஒரு குழு கூடியிருந்தது. காலையில் வரி உதவி லைனின் விசாரணை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வங்கித் தலைவர்களின் சம்பள விசாரணை. கிரிக்கெட் பார்க்க வந்த என் கணவர் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "உவங்கள் இன்னும் இதை முடிக்கேல்லையே?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். நாங்கள் போனபோதும் இதே வரிசையில்தான் நடந்தது. ஆகவே தர்ஷிக்கு டெக்ஸ்ட் பண்ணாமல் இதை எழுதுகிறேன்.

நான் வேலை செய்தது அரசாங்கத்தில் இல்லை. அரசாங்கத்துக்காக ஒப்பந்தத்தில் போன் எடுத்த ஒரு கம்பனியில். வருமான வரி, முதியோர் சலுகை, பிள்ளைகளுக்கான வரிச்சலுகை என்று எது பற்றி யார் எடுத்தாலும் அந்த அழைப்பு எங்கள் காதுக்குத்தான் வரும். அந்தக் கம்பனி இப்போது இல்லை. இருந்தாலும் பெயர் சொல்ல மாட்டேன். வயது போன நேரத்தில் எனக்கு வம்பு எதற்கு?

சேர்ந்தபோது சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு அறை வீட்டில் இருந்தோம். யாழ்ப்பாணத்தில் கணக்கியல் படித்திருந்தேன், அதனால் வரிச்சட்டத்தைக் கரைத்துப் புகட்டப் போகிறார்கள் என்று நினைத்துப் புதுப் பேனையோடு போனேன். பயிற்சியில் சட்டத்துக்குக் கொடுத்த நேரத்தைவிடச் சிரிப்புக்குக் கொடுத்த நேரம் அதிகம். போனில் சிரிப்புக் கேட்குமாம். ஆளுக்கொரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியை மேசையில் நிறுத்திவிட்டார்கள், கதைக்கும்போது பல் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ள. வரி கட்டாமல் அகப்பட்டவனுக்கு வட்டி எவ்வளவு என்று சொல்லும்போதும் பல் தெரிய வேண்டும். மங்களேஸ்வரி என்ற என் பெயரை மாகரெட் என்று சுருக்கியதும் அந்தப் பயிற்சியில்தான். நான் மறுப்புச் சொல்லவில்லை. வெள்ளைக்காரர் திட்டும்போது அந்தத் திட்டு மாகரெட்டுக்குப் போய்விடும், மங்களேஸ்வரி வீட்டுக்குச் சுத்தமாக வருவாள்.

எங்கள் மேற்பார்வையாளர் பிரெண்டா. ஐம்பது தாண்டிய, உயரமான பெண். சத்தம் போட்டு நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. யாராவது பிழை விட்டால் தன் அறையிலிருந்து ஒரு தட்டில் ஒரு பிஸ்கட்டை வைத்துக்கொண்டு மெதுவாக நடந்து வருவாள். அந்த ஆளின் மேசையில் தட்டை வைப்பாள். ஆள் பிஸ்கட்டைச் சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் பக்கத்தில் நின்று காலநிலை பற்றிக் கதைப்பாள். கடைசித் துண்டு வாய்க்குள் போன பிறகு, "சரி, இனி அந்த அழைப்பைப் பற்றிப் பேசுவோமா?" என்பாள். நல்ல விலையான வெண்ணெய் பிஸ்கட். எங்களில் ஒருவருக்கும் அது தொண்டைக்குள் இறங்காது. கூடத்தின் அந்தப் பக்கத்தில் தட்டுச் சத்தம் கேட்டாலே ஒவ்வொருவரும் தலையைக் குனிந்து, இன்றைக்கு யாருக்கு ஆப்பு என்று ஓரக்கண்ணால் பார்ப்போம்.

இரண்டு விதிகளை மட்டும் சொல்கிறேன், மீதிக் கதை அவற்றில்தான் நிற்கிறது. முதலாவது, எங்கள் கம்பனிக்குக் காசு வருவது 'பதில் கொடுத்த' அழைப்புகளுக்கு. ஒருவர் எடுக்கிறார், நாங்கள் வணக்கம் சொல்லி, அவர் கேட்டதைப் பாதி கேட்டு, பதிவுசெய்த குரலிடம் தள்ளிவிடுகிறோம். அந்தக் குரல் இணையத்தில் பார் என்று சொல்லிவிட்டு லைனை வெட்டுகிறது. அதுவும் பதில் கொடுத்த அழைப்புத்தான். இரண்டாவது, ஆங்கிலமும் பிரெஞ்சும் தவிர வேறு மொழி நாங்கள் கதைக்கக் கூடாது. ஒலிப்பதிவைப் பிறகு சரிபார்க்க ஆள் இல்லையாம். தமிழ் ஆள் ஒருவர் எடுத்தால் மொழிபெயர்ப்பு லைனுக்கு அழைத்து, எங்கேயோ ஒரு வீட்டில் இருக்கும் மொழிபெயர்ப்பாளரை நடுவில் இருத்த வேண்டும். அதாவது எதிர் முனையில் தமிழ், என் முனையில் தமிழ், நடுவில் ஒருவர் எங்கள் இரண்டு பேருக்கும் மொழிபெயர்ப்பார். நான் சிரித்த முகத்தோடு, விளங்காதவள் மாதிரிக் காத்திருப்பேன். கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருக்கும்.

ஒரு குளிர்காலத்தில், இந்த இரண்டு விதிக்கும் நடுவில் அகப்பட்டு ஒரு மனிதர் செத்துப்போனார்.

அவர் பெயர் பாலேந்திரன். டோர்செட் பார்க்கில் ஒரு அடுக்குமாடியில் மனைவி சாந்தினியோடும் இரண்டு பிள்ளைகளோடும் இருந்தவர். நாட்டின் குறுக்கே நீட்டு ட்ரக் ஓடுகிறவர். அவர் செத்தது எனக்கு அவர் சொல்லித்தான் தெரியும். அழைப்பு வந்தது, அவருக்கு ஆங்கிலம் தடுமாறியது, நான் விதிப்படி மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டேன். நடுவில் வந்து இருந்தவர் ஒரு இளைஞர், நல்ல பண்பான குரல்.

அவருடைய வரி இலக்கத்தை அடித்தேன். திரை சாம்பல் நிறமானது. சாம்பல் நிறம் என்றால் ஆள் காலமாகிவிட்டார் என்று அர்த்தம். திரை சாம்பல் ஆனதும் முதலில் சொல்ல வேண்டிய வசனம் பெரிய எழுத்தில் வரும், அதைச் சொல்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது.

"உங்கள் இழப்புக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். இளைஞர் அதைத் தமிழில் சொன்னார்.

"ஆரின்ரை இழப்பு?" என்று கேட்டார் பாலேந்திரன்.

"மிஸ்டர் பாலேந்திரனின் மறைவு" என்றேன், விதிப்படி.

"நான்தான் பாலேந்திரன்."

இளைஞர், "தானே இறந்தவர் என்று சொல்கிறார்" என்று மொழிபெயர்த்தார்.

"நான் செத்தனான் எண்டு எங்கை சொன்னனான்? உயிரோடை இருக்கிறன் எண்டு அந்தப் பிள்ளைக்குச் சொல்லும் தம்பி! இது ஏழாவதோ எட்டாவதோ தரம் எடுக்கிறன். எடுக்கிறவை எல்லாரும் அனுதாபம் சொல்லிப்போட்டு வைக்கினம்."

காலமானவரின் கோப்பைப் பற்றி அவருடைய சட்டப் பிரதிநிதியோடு மட்டுமே பேசலாம் என்பது அடுத்த பக்கம். அவர் தனக்குத்தானே சட்டப் பிரதிநிதி இல்லை. அதனால்தான் எல்லோரும் அனுதாபம் சொல்லிவிட்டு வைத்தார்கள். அவருடைய ஒவ்வொரு அழைப்பும் 'பதில் கொடுத்தது' என்று கோப்பில் இருந்தது. 'தீர்க்கப்பட்டது' என்றும் இருந்தது. செத்தவரிடம் தீர்க்க என்ன மிச்சம்?

ஆனால் அவர் சொல்லிக்கொண்டே போனதைக் கேட்க எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. சாவுச் செய்தி எங்கள் திரையோடு நிற்கவில்லை. வங்கிக்குப் போனது. வங்கி கணவன் மனைவி இரண்டு பேரின் பெயரிலும் இருந்த கணக்கை உடனே பூட்டிவிட்டது. வாடகை காசோலை திரும்பிவிட்டது. கட்டட மனேஜர் கதவில் கடுதாசி ஒட்டிவிட்டார். பிள்ளைகளுக்கான வரிச்சலுகை, எங்கள் சனம் பால்காசு என்று சொல்வது, விதவையின் கணக்காக மாறிப் பரிசீலனையில் நின்றுவிட்டது. ட்ரக் கம்பனி, செத்தவனின் இலக்கத்துக்குச் சம்பளம் போட சிஸ்டம் விடுகுதில்லை, சரிப்படுத்திக்கொண்டு வா என்று வீட்டில் இருத்திவிட்டது. மாத முடிவுக்குள் வாடகை கட்டாவிட்டால் குடும்பம் வீட்டை விட்டு எழும்ப வேண்டும். வெளியே தை மாதக் குளிர்.

"அந்தப் பிள்ளையைக் கேளும் தம்பி, செத்தவன் வாடகை கட்டத் தேவையில்லை எண்டு ஒரு துண்டு தருவினமோ?" என்றார். இளைஞர் அதை மொழிபெயர்க்காமல் பெருமூச்சு விட்டார்.

நான் மொழிபெயர்ப்பாளரின் லைனை நிறுத்தினேன். கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தேன்.

"அண்ணை, நான் கதைக்கிறது விளங்குதோ?"

"தங்கச்சி, நீர் தமிழே! இவ்வளவு நேரமும் ஏன் பேசாமல் இருந்தனீர்?"

"வேலை போயிடும் அண்ணை. அதை விடுங்கோ. நீங்கள் செத்திட்டியள் எண்டு இங்கை ஆர் சொன்னது? வீட்டிலை ஆரும் போன் எடுத்தவையோ?"

"மனிசிதான் பால்காசு குறைஞ்சு போச்செண்டு எடுத்தவ. நான் அண்டைக்கு வின்னிபெக்கிலை நிண்டனான்."

அவ்வளவுதான் கேட்டேன். தட்டுச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். பிரெண்டா வந்தாள். கையில் தட்டு இல்லை. எனக்கு அது இன்னும் பயமாக இருந்தது. பிஸ்கட்டும் இல்லாமல் நேரே வீட்டுக்கு அனுப்பப் போகிறாள் என்று நினைத்தேன்.

"மாகரெட், நீ என்ன மொழியில் கதைத்தாய்?"

"தமிழில்."

"அந்த மனிதர் முதல் தடவையாகச் சத்தம் போடாமல் லைனில் நிற்கிறார். ஏன்?"

மனைவியின் அழைப்பைக் கேட்க வேண்டும் என்றேன். பழைய ஒலிப்பதிவை எடுக்கும் அதிகாரம் அவளுக்குத்தான் இருந்தது. அவளுடைய அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேரும் கேட்டோம். எங்கள் பகுதி ஆள் ஒருவரும், வேறொரு மொழிபெயர்ப்பாளரும், சாந்தினியும்.

மனைவியின் கொடுப்பனவைப் பார்க்கும்போது கணவர் சேர்ந்து இருக்கிறாரா என்று கேட்டே ஆக வேண்டும். எங்கள் ஆள் கேட்டார். மொழிபெயர்ப்பாளர், "கணவர் உங்களுடன் இருக்கிறாரா?" என்றார்.

சாந்தினியின் குரல் களைத்துப்போய் வந்தது. "இல்லை, இப்ப இல்லை. விடியக் காலமைதான் போய்ச் சேந்தவர். வழி முழுக்கச் சினோவாம். எண்டாலும் சுகமாப் போய்ச் சேந்திட்டார்."

மொழிபெயர்ப்பாளர் குரலைத் தாழ்த்தி ஆங்கிலத்தில் சொன்னார்: "இல்லை, இப்போது இல்லை. இன்று விடியற்காலை காலமானார். பனி அதிகமாம். ஆனாலும் அமைதியாகப் போனார்."

எங்கள் ஆள் பதறிப்போய், "உங்கள் இழப்புக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள்" என்றார். அது தமிழில் போனது. சாந்தினி பால்காசில் குறைந்த தொகைக்குத்தான் மன்னிப்புக் கேட்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள்.

"பரவாயில்லைத் தம்பி. பிழை எல்லாருக்கும் வாறதுதானே. திருப்பித் தந்தாச் சரி."

"பரவாயில்லையாம். திருப்பித் தந்தால் போதுமாம்."

அடுத்து ஒலிப்பதிவில் ஒரு பொத்தான் அமத்திய சத்தம் கேட்டது.

நான் கதிரையில் இருந்து விழுந்து சிரித்தேன். பிரெண்டாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. போய்ச் சேர்ந்தார் என்றால் வெறுமனே போக வேண்டிய இடத்துக்குப் போனார் என்றும் அர்த்தம், இந்த உலகத்தை விட்டே போனார் என்றும் அர்த்தம், எது என்று சொல்கிற முகத்தைப் பார்த்துத்தான் தெரியும் என்று விளங்கப்படுத்தினேன். மொழிபெயர்ப்பாளரை நான் குறை சொல்ல மாட்டேன். ஊர்பேர் தெரியாமல், முன்கதை தெரியாமல், நிமிடத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு வின்னிபெக் எங்கே தெரியப்போகிறது? நானே அந்தக் கதிரையில் இருந்தாலும் ஒப்பாரிக்குத் தயாராகியிருப்பேன்.

"அப்படியானால் அவள் சொன்னது?" என்றாள் பிரெண்டா.

"பத்திரமாகப் போய் இறங்கிவிட்டார் என்று சொன்னாள். கணவர் ட்ரக் ஓடுகிறவர்."

பிரெண்டா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "ஒரு பெண் தன் கணவர் நலம் என்று சொன்னதைக் கேட்டு நாங்கள் அவரைக் கொன்றிருக்கிறோம்" என்றாள். அன்றைக்கு அவள் தட்டு எடுக்கவே இல்லை.

ஆளைச் சாகடிக்க ஒரு பொத்தான் போதும். உயிர்ப்பிக்கப் பொத்தான் இல்லை. மேலிடம் அத்தாட்சி கேட்டது. டாக்டர் கடிதம் கொடுத்தார். 'நல்ல ஆரோக்கியத்துடன் இருக்கிறார்' என்று எழுதியிருந்தார். உயிரோடு இருக்கிறார் என்று தெளிவாக எழுதவில்லை என்று திரும்பி வந்தது. வங்கியோ, வரிக்காரர் சொன்னால் திறக்கிறோம் என்றது. நாங்கள், மேலிடம் சொன்னால் திறக்கிறோம் என்றோம். மேலிடம், வங்கியில் அவர் பெயரில் நடமாட்டம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டது. பூட்டிய கணக்கில் நடமாட்டம் எப்படி இருக்கும்?

சாந்தினி ஸ்காபரோவில் தங்கள் பகுதி எம்பியின் அலுவலகத்துக்குப் போய்க் கணவரையே நேரில் நிறுத்திவிட்டாள். அந்த நேரம் பார்த்து, உதவி லைனில் சனம் காத்துக் கிடப்பதைப் பற்றிப் பாராளுமன்றக் குழு ஒன்று விசாரித்துக்கொண்டிருந்தது. அவர்களுக்கு இது வெல்லக் கட்டி. இரண்டு பேரையும் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். எம்பியின் ஆட்கள் கட்டட மனேஜருடன் பேசி வாடகைக்குத் தவணை வாங்கிக் கொடுத்தார்கள், குழு கூடும் நாள் வரைக்கும் மட்டும். எங்கள் கம்பனித் தலைவரையும் கூப்பிட்டிருந்தார்கள். அவர் பிரெண்டாவைக் கூட்டிக்கொண்டு போனார், பிரெண்டா என்னைக் கூட்டிக்கொண்டு போனாள்.

குழு அறைக்கு வெளியே நடையில் வங்கிக்காரர்கள் கூட்டமாக நின்றார்கள். அவர்களுடைய முறை எங்களுக்குப் பிறகு. இவ்வளவு சம்பளமும் போனஸும் எதற்கு என்று அவர்களைக் கேட்கப் போகிறார்கள். ஒரு தலைவருக்கு மூன்று சட்டத்தரணிகள், எல்லோருக்கும் சேர்த்து ஒரு பெரிய தட்டு சான்ட்விச். பாலேந்திரனின் கணக்கைப் பூட்டிய வங்கியின் தலைவரும் அதில் நின்றார். திறமைசாலிகளைத் தக்கவைத்துக்கொள்ள வேண்டுமென்றால் சம்பளம் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்ற வசனத்தைச் சட்டத்தரணி ஒருவர் அவருக்குச் சொல்லச் சொல்ல, அவர் திருப்பிச் சொல்லிப் பழகினார். எங்களுக்குச் சிரிப்புப் பழக்கியது மாதிரித்தான். பிரெண்டா கேட்காமலே அவர்களுடைய தட்டில் இருந்து இரண்டு சான்ட்விச் எடுத்து ஒன்றை எனக்குத் தந்தாள்.

உள்ளே எங்கள் தலைவரிடம், கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்ட ஒரு பெண் உறுப்பினர் கேட்டார், எத்தனை அழைப்புக்குப் பதில் கொடுக்கிறீர்கள் என்று. கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் என்றார் தலைவர், பல் தெரிய. இந்தச் செத்த மனிதரின் அழைப்புகளுக்கு? அவற்றுக்கும்தான். அதில் என்ன பதில்? தலைவர் பின்னால் திரும்பிப் பிரெண்டாவைப் பார்த்தார்.

பிரெண்டா கைப்பையைத் திறந்தாள். ஒரு கடுதாசித் துவாயில் சுற்றியிருந்த வெண்ணெய் பிஸ்கட்டை எடுத்து, தலைவருக்கு முன்னால் மேசையில் வைத்தாள். பிறகு ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தாள். "அனுதாபம் சொன்னோம், வைத்தோம். அதைப் பதில் என்று எண்ணினோம். காசும் வாங்கினோம்" என்றாள். பிஸ்கட்டின் அர்த்தம் அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். சிரிக்கக் கூடாத இடத்தில் நான் பட்ட பாடு சொல்லி மாளாது.

அடுத்தது சாந்தினி. மெல்லிய பெண், ஜக்கெட்டைக் கழற்றாமல் இருந்தாள். பக்கத்துக் கதிரை வெறுமையாக இருந்தது. பாலேந்திரன் யாரோ நண்பருக்காக மொன்றியலில் சரக்கு இறக்கிவிட்டு ட்ரக்கோடு நேரே ஒட்டாவா வந்தவர், அதை நிறுத்த இடம் கிடைக்காமல் சுற்றிக்கொண்டிருந்தார். காதில் மாட்டும் கருவியில் தமிழ் சொல்ல ஒரு அம்மா கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தார். நல்ல தூய தமிழ்.

குழுத் தலைவர் வெறும் கதிரையைப் பார்த்து, "மிஸ்டர் பாலேந்திரன் லேட் என்று அறிகிறேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

எங்கள் கல்யாணக் கடுதாசிகளில் செத்த தகப்பனின் பெயருக்கு முன்னால் லேட் என்று போடுவோமே, கூண்டுக்குள் இருந்த அம்மா அந்த லேட் என்றே எடுத்துவிட்டார். அவருக்கு முன்னால் கிடந்த தாளிலும் பாலேந்திரன் காலமானவர் என்றுதான் இருந்திருக்க வேண்டும். காதுக்குள் தூய தமிழ் வந்தது: "திரு பாலேந்திரன் அவர்கள் காலமாகிவிட்டார் என அறிகிறேன்."

சாந்தினி கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பிவிட்டாள். "ஐயோ! இப்பதானே என்னோடை கதைச்சவர்! பார்க்கிங் தேடுறார்! என்ன நடந்தது அவருக்கு?"

என்னால் அடக்க முடியவில்லை. நானும் எழும்பி, "தங்கச்சி, ஒண்டும் இல்லை, ஒண்டும் இல்லை! பிந்தி வாறார் எண்டுதான் சொன்னவை!" என்று கத்திவிட்டேன். பாராளுமன்றக் கட்டடத்தில், ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருக்க, தமிழில்.

குழுத் தலைவர் யார் இது என்று கேட்டார். பிரெண்டா என்னைத் திரும்பிப் பார்க்காமலே, "அந்தக் கூண்டுக்குள் இருப்பவரைவிட எங்கள் ஊழியர் நன்றாகச் செய்வார்" என்றாள். பெயரைக் கேட்டார்கள். மாகரெட் என்று வாய் வரைக்கும் வந்தது. "மங்களேஸ்வரி" என்றேன். எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். சாந்தினிக்குப் பக்கத்தில் என்னை இருத்தினார்கள். அவளுடைய கையைப் பிடித்தேன்.

கதவு திறந்து பாலேந்திரன் வந்தார். மூச்சு வாங்க, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. உறுப்பினர்களில் இரண்டு பேர் கைதட்டினார்கள். உயிரோடு வந்ததற்குக் கைதட்டு வாங்கிய முதல் வரி செலுத்துநர் அவராகத்தான் இருக்கும். வங்கிக்காரர்களின் முறை பிந்துகிறது என்று வாசலில் ஒருவர் மணிக்கூட்டைத் தட்டிக் காட்டினார்.

தலையில் கண்ணாடி ஏற்றிய உறுப்பினர் சாந்தினியைக் கேட்டார்: "இந்தக் குழுவிடம் நீங்கள் என்ன கேட்கிறீர்கள்?"

பால்காசைக் கேட்பாள், கணக்கைத் திறக்கக் கேட்பாள் என்று நான் மனதுக்குள் ஆங்கிலச் சொற்களை அடுக்கி வைத்திருந்தேன்.

சாந்தினி என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அக்கா, இவர் ட்ரக் எடுத்துக்கொண்டு போனா நான் படுக்கிறேல்லை. போன் வரும், போய்ச் சேந்திட்டன் எண்டு சொல்லுவார். நான் பிள்ளையளின்ரை அறைக்குப் போய், அப்பா போய்ச் சேந்திட்டார் எண்டு சொல்லிப்போட்டுத்தான் படுக்கிறனான். எத்தினை வருசமா. இப்ப அதை வாயிலை எடுக்கப் பயமாக் கிடக்கு. சொன்னா மெய்யாப் போயிடுமோ எண்டு கிடக்கு. காசு வரும், இண்டைக்கு இல்லாட்டி நாளைக்கு வரும். எனக்கு அந்தச் சொல்லைத் திருப்பித் தரச் சொல்லுங்கோ."

இவ்வளவு நாளும் இதை நினைத்து நினைத்துச் சிரித்தவள் நான். எத்தனையோ வருடமாக மற்றவர்கள் எனக்குத் தமிழை மொழிபெயர்க்கக் கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் முதல் முறையாக நான் செய்தேன். நன்றாகச் செய்தேனா தெரியாது. தன் கணவர் பத்திரமாக இருக்கிறார் என்று சொல்ல அவளிடம் ஒரு சொல் இருந்தது, நாங்கள் அதைச் சாவுக்கு எடுத்துவிட்டோம், அதைத் திருப்பிக் கேட்கிறாள் என்று சொன்னேன். பிரெண்டா மூக்கை உறிஞ்சினாள். பாலேந்திரன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்தக் கதையை மனைவி தனக்கும் சொல்லவில்லை என்று அவருடைய முகத்தில் தெரிந்தது.

பிறகு நடந்தவை எல்லாம் விரைவாக நடந்தன. அந்த வாரமே அவருக்கு உயிர் கொடுத்தார்கள். கோப்பில் காரணம் கேட்ட இடத்தில் தட்டச்சுப் பிழை, ஆள் மாறாட்டம், மற்றவை என்று மூன்று இருந்தன. பிரெண்டா 'மற்றவை' என்பதை அமத்தினாள். வாடகைத் தவணை முடிய முன்னம் கணக்குத் திறந்தது, பால்காசு பாக்கியோடு வந்தது. மொழி தெரிந்தவர்கள் அந்த மொழியில் கதைக்கலாம் என்று விதி மாறியது, சம்பளம் மாறவில்லை. வங்கித் தலைவர்களின் சம்பளம் பற்றியும் குழு கவலை தெரிவித்தது. அது பிறகும் ஏறியது என்று பத்திரிகையில் பார்த்தேன், திறமை தக்கிவிட்டது போலிருக்கிறது. குழுவின் அறிக்கையை முதலிலிருந்து கடைசி வரைக்கும் வாசித்தேன். சொல்லைத் திருப்பிக் கொடுப்பது பற்றி ஒரு வரியும் இல்லை. கொடுக்க அவர்களிடம் அது இருக்கவும் இல்லை.

தர்ஷி, உன்னுடைய மெஷினுக்கு நான் தரும் வசனம் அதுதான். 'போய்ச் சேர்ந்திட்டார்.' அதைக் கேட்டால் பொத்தானை அமத்தாமல், எங்கே என்று ஒரு கேள்வி கேட்கப் பழக்கு. வேறொன்றும் வேண்டாம்.

சாந்தினி இப்போதும் எனக்கு வாட்சப்பில் எழுதுவாள். கணவர் ஒவ்வொரு ஓட்டமும் முடிய ஒரு செய்தி வரும். நேற்றும் வந்தது: 'அக்கா, இவர் கல்கரிக்கு வந்து சேந்திட்டார்.' டோர்செட் பார்க்கில் இருந்துகொண்டு கல்கரிக்கு 'வந்து' சேர்ந்தார் என்று எழுதுவது தமிழில் பிழை. ஒட்டாவாவுக்குப் போய் வந்த நாளில் இருந்து அவள் அப்படித்தான் எழுதுகிறாள். நானும் இன்று வரை திருத்தவில்லை. 'நல்லது தங்கச்சி, இனிப் படுத்து நித்திரை கொள்ளும்' என்று பதில் போடுவேன்.